லோடர் முன்னால் இருந்தால் எடை பின்னால் இருக்க வேண்டும்!

கேள்வி: ‘‘எங்களிடம் 45 குதிரைத்திறன் டிராக்டர் இருக்கிறது, டூ-வீல் டிரைவ். தொழுவத்தில் எரு அள்ளவும், தென்னந்தோப்பில் மண் நிரவவும், வாழைக்கு மண் கொண்டுபோடவும் முன்பக்கம் லோடர் மாட்டியிருக்கிறோம். மாட்டி ஒரு வருஷம் ஆவதற்குள் முன் ஆக்ஸிலின் சென்டர் பின் புஷ் இரண்டு தடவை தேய்ந்துவிட்டது. முன் டயர்களும் ஒரு ஓரமாகத் தேய்கின்றன. ‘பின்னால் எடை கட்டாமல் ஓட்டினால் இப்படித்தான் ஆகும்’ என்கிறார் மெக்கானிக். முன்னால் பாரம் இருக்கும்போது பின்னாலும் பாரம் ஏற்றினால் டிராக்டருக்குக் கூடுதல் சுமைதானே? எடை கட்டத்தான் வேண்டும் என்றால் எவ்வளவு, எங்கே, எப்படிக் கட்டுவது?’’

– வாசகர் ஒருவர், கடியப்பட்டணம், கன்னியாகுமரி மாவட்டம்.

பதில்: மெக்கானிக் சொன்னது சரிதான். ஆனால், அதோடு இரண்டு விஷயங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, பின் எடை சரியான இடத்தில் இருந்தால்தான் முன் ஆக்ஸிலின் சுமை குறையும். இடம் தவறினால் ஒரு கிலோகூடக் குறையாது. இரண்டு, பின் எடையை மட்டும் நம்பி, பக்கெட்டில் அள்ளும் அளவைக் குறைக்காமல் விட்டால் ஆக்ஸில் தப்பாது. கணக்கோடு பார்த்தால் இரண்டும் தெளிவாகப் புரியும்.

துலாவை நினைத்துக்கொள்ளுங்கள்

கிணற்றில் துலா போட்டு நீர் இறைத்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். துலாவின் ஒரு முனையில் வாளி தொங்கும். மறுமுனையில் கல்லைக் கட்டியிருப்பார்கள். நடுவில் நிற்கும் கால்தான் மொத்தப் பாரத்தையும் தாங்கும்.

லோடர் மாட்டிய டிராக்டரில் அந்தக் காலின் இடத்தில் இருப்பது முன் ஆக்ஸில். பக்கெட் அதற்கு முன்னால் வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கிறது. பக்கெட்டில் பாரம் ஏறியதும் முன்பக்கம் அழுந்தும். பின்பக்கம் எழப் பார்க்கும். எனவே, முன் ஆக்ஸில் பக்கெட்டின் பாரத்தை மட்டும் சுமப்பதில்லை. பின் சக்கரங்கள் அதுவரை தாங்கிக்கொண்டிருந்த எடையிலும் ஒரு பங்கு அதன் தலையில் வந்து விழுகிறது.

பின்பக்கம், பின் சக்கரங்களையும் தாண்டி ஒரு எடையைத் தொங்கவிட்டால் இதே வேலை தலைகீழாக நடக்கும். இப்போது துலாவின் கால், பின் ஆக்ஸில். பின்னால் அழுத்தினால் முன்பக்கம் லேசாகத் தூக்கப்படும். ஆக, டிராக்டரின் மொத்த எடை கூடுவது உண்மை. ஆனால், அந்தக் கூடுதல் முழுவதும் பின் ஆக்ஸிலில் இறங்குகிறது. முன் ஆக்ஸிலின் சுமையோ குறைகிறது. டிராக்டரில் கனமான பாரத்தைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டது பின் ஆக்ஸில்தான். டூ-வீல் டிரைவ் டிராக்டரின் முன் ஆக்ஸில், வண்டியைத் திருப்புவதற்கும் இன்ஜின் எடையைத் தாங்குவதற்கும்தான்.

ஜேசிபி இயந்திரத்தைப் பாருங்கள். முன்னால் பெரிய பக்கெட் இருக்கும்; பின்னால் தோண்டும் கை மடங்கி நிற்கும். மண் அள்ளும்போது அந்தக் கைதான் எதிர் எடையாக வேலை செய்கிறது. சரக்குக் கிடங்குகளில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் பின்பக்கம் கனத்த இரும்பாக இருப்பதும் இதற்காகத்தான். டிராக்டரில் லோடர் மாட்டும்போது முன்பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு, பின்பாதியை மறந்துவிடுகிறோம்.

கணக்கு என்ன சொல்கிறது?

2,000 கிலோ எடையுள்ள ஒரு டிராக்டரை எடுத்துக்கொள்வோம். முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே 2 மீட்டர். வெறும் வண்டியாக நிற்கும்போது முன்னால் 750 கிலோ, பின்னால் 1,250 கிலோ. லோடரின் எடை 400 கிலோ. அது முன் ஆக்ஸிலுக்கு அரை மீட்டர் முன்னால் அழுத்துகிறது. பக்கெட்டில் 500 கிலோ மண். அது முன் ஆக்ஸிலுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் இருக்கிறது. இவை உதாரணத்துக்கான அளவுகள். உங்கள் வண்டியில் கொஞ்சம் கூடலாம், குறையலாம், கணக்கு ஒன்றுதான்.

பின் எடை இல்லாமல், 500 கிலோ மண்ணோடு: முன் ஆக்ஸிலில் 2,125 கிலோ, பின் ஆக்ஸிலில் 775 கிலோ. 750 கிலோ சுமந்த முன் ஆக்ஸில், ஏறக்குறைய மூன்று மடங்கு சுமக்கிறது.

பின் ஆக்ஸிலுக்கு 1 மீட்டர் பின்னால் 500 கிலோ எடை தொங்கவிட்டால்: முன் ஆக்ஸிலில் 1,875 கிலோ, பின் ஆக்ஸிலில் 1,525 கிலோ. முன்னால் 250 கிலோ குறைகிறது.

அதே பின் எடையோடு, பக்கெட்டில் 300 கிலோ மட்டும் அள்ளினால்: முன் ஆக்ஸிலில் 1,525 கிலோ, பின் ஆக்ஸிலில் 1,675 கிலோ.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பின்னால் 100 கிலோ கூட்டினால் முன் ஆக்ஸிலில் 50 கிலோதான் குறைகிறது. பக்கெட்டில் 100 கிலோவைக் குறைத்தால் 175 கிலோ குறைகிறது. அதனால்தான் பின் எடை கட்டிவிட்டோம் என்ற தைரியத்தில் பக்கெட்டைக் குவித்து அள்ளக் கூடாது. அப்படி அள்ளினால் பின்னால் கிடைத்த லாபம் முன்னாலேயே போய்விடும்.

முன் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். அதில் சுமை எண் அச்சிடப்பட்டிருக்கும். அது 88 என்றால் ஒரு டயர் தாங்கும் சுமை 560 கிலோ. 100 என்றால் 800 கிலோ. இரண்டு டயருக்கும் சேர்த்து 1,600 கிலோ. மெதுவாக ஓடும் லோடர் வேலைக்கு டயர் நிறுவனங்கள் இதற்கு மேல் கொஞ்சம் சலுகை தருவதுண்டு. அதற்குக் காற்றழுத்தமும் மாறும். அந்த அட்டவணையை டயர் விற்பனையாளரிடம் கேட்டு வாங்குங்கள். முன் ஆக்ஸில் எவ்வளவு தாங்கும் என்பதை டிராக்டருடன் வந்த கையேட்டில் பாருங்கள். இரண்டில் எது குறைவோ, அதுதான் உங்கள் வண்டியின் எல்லை.

மேலே சொன்னதெல்லாம் வண்டி அசையாமல் நிற்கும்போது உள்ள சுமை. பாரத்தோடு பள்ளத்தில் இறங்கினாலும், வரப்பில் ஏறினாலும், கையை வேகமாக இறக்கி ‘டக்’கென்று நிறுத்தினாலும் அந்த அதிர்ச்சியில் சுமை பல மடங்காக ஏறி இறங்கும். சென்டர் பின், புஷ், ஸ்டப் ஆக்ஸில், ஹப் பேரிங், டை ராடு எல்லாம் அடி வாங்குவது அப்போதுதான். ஸ்டப் ஆக்ஸில் லேசாக வளைந்தாலும் சக்கரம் நேராக நிற்காது. டயர் ஒரு ஓரமாகத் தேய்வதற்கு அது ஒரு காரணம். புஷ் மாற்றும்போதே ஸ்டப் ஆக்ஸிலையும் சக்கரங்களின் நேர்வரிசையையும் சோதிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புது புஷ்ஷும் நிற்காது.

ஆக்ஸிலைவிட ஆள் முக்கியம்

புஷ் போனால் மாற்றிக்கொள்ளலாம். பின்பக்கம் லேசாகிப்போன டிராக்டரில் உயிருக்கே ஆபத்து இருக்கிறது. அதற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது, டூ-வீல் டிரைவ் டிராக்டரில் பிரேக் இருப்பது பின் சக்கரங்களில் மட்டும். பின் சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடித்தால்தான் பிரேக் பிடிக்கும். நம் உதாரணத்தில், வெறும் டிராக்டரின் எடையில் நூற்றுக்கு 62 பங்கு பின்னால் இருந்தது. 500 கிலோ மண் அள்ளியதும் அது 27 பங்காகிவிட்டது. இறக்கத்தில் இது இன்னும் குறையும். விளைகளுக்குப் போகும் சரிவான பாதையில் பாரத்தோடு இறங்கி, பிரேக்கை மிதித்தும் வண்டி வழுக்கிக்கொண்டு போவது இதனால்தான். பின் எடை கட்டினால் அந்தப் பங்கு 45-க்குத் திரும்புகிறது.

இரண்டாவது, முன் ஆக்ஸில் நடுவில் உள்ள ஒரே பின்னில் ஊஞ்சல்போல ஆடும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. மேடுபள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையில் படுவதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதனால், டிராக்டர் பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக்கொள்வது பின் சக்கரங்கள்தான். முன் சக்கரங்கள் அல்ல. பின்பக்கம் லேசாகி, பக்கெட்டும் உயரத்தில் இருந்து, ஒரு பக்கச் சக்கரம் குழியில் இறங்கினால் வண்டி கண் மூடித் திறப்பதற்குள் சாய்ந்துவிடும்.

பின்பக்கம் எழும்புகிறது என்று ஆட்களை லிங்க் கம்பிகளிலோ மட்கார்டிலோ ஏற்றி நிற்கவைப்பது சில ஊர்களில் நடக்கிறது. இதை ஒருபோதும் செய்யக் கூடாது. பக்கெட்டில் இருந்த பாரம் திடீரென்று கொட்டினால், தூக்கி நின்ற பின்பக்கம் ‘தடா’லென்று தரையில் விழும். அங்கே நிற்பவர் சக்கரத்துக்கு அடியில் போவார். எடைக்கு எடைதான் வேண்டும், ஆள் அல்ல.

எங்கே கட்டுவது?

கல்டிவேட்டர் மாட்டும் மூன்று புள்ளி இணைப்பில் கட்டுவதுதான் சரி. லோயர் லிங்க் முனைகள் பின் ஆக்ஸிலிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி இருக்கின்றன. முன்பக்கத்தைத் தூக்கித்தர இந்த ஒரு மீட்டர்தான் உதவுகிறது.

டிராக்டரின் மூக்கில் முன் எடைத் தட்டுகள் மாட்டியிருந்தால், லோடர் வேலைக்கு முன்பு அவற்றைக் கழற்றிவிடுங்கள். அவை கலப்பை இழுக்கும்போது முன்பக்கம் தூக்காமல் இருப்பதற்கானவை. லோடரோடு அவையும் இருந்தால் முன் ஆக்ஸிலுக்கு இரட்டைத் தண்டனை.

டிரெய்லரை மாட்டிக்கொண்டால் போதுமே என்று சிலர் நினைப்பார்கள். டிரெய்லரின் பாரத்தைப் பெரும்பாலும் அதன் சக்கரங்களே தாங்கிக்கொள்கின்றன. அதை எதிர் எடையாகக் கணக்கில் எடுக்க முடியாது. முன்னும் பின்னும் போய்வரும் லோடர் வேலைக்கு அது இடைஞ்சலும்கூட.

எதைக் கட்டுவது?

வீட்டில் ரொட்டவேட்டர் இருந்தால் முதலில் அதை மாட்டிப் பாருங்கள். பெரும்பாலான ரொட்டவேட்டர்கள் 400 கிலோவை ஒட்டி இருக்கும். பி.டி.ஓ. தண்டைக் கழற்றிவிட்டு, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் தூக்கிவைத்து ஓட்டலாம். செலவில்லாத எதிர் எடை. ஆனால், அகலம் அதிகம். தொழுவத்துக்குள் திரும்பும்போது சுவரில் இடிக்கும்.

அடிக்கடி லோடர் வேலை இருப்பவர்களுக்கு கான்கிரீட் டிரம் நல்லது. 200 லிட்டர் இரும்பு டிரம் நிறைய கான்கிரீட் போட்டால் 480 முதல் 500 கிலோ எடை வரும்.

டிரம்மின் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில், குறுக்கே ஒரு கனமான இரும்புத் தண்டு நடுமையத்தின் வழியாகப் போக வேண்டும். இதன் இரு முனைகளும்தான் லோயர் லிங்கில் மாட்டும் பின்கள். 45 குதிரைத்திறன் வண்டிகளில் பெரும்பாலும் இந்தப் பின் 28 மி.மீ. கனம் இருக்கும். ஆனால் 28 மி.மீ. கம்பியையே குறுக்கே போட்டால் அது வளைந்துவிடும். 50 மி.மீ. தண்டை வாங்கி, முனைகளை மட்டும் லேத்தில் 28 மி.மீ.க்குக் கடைந்துகொள்ளுங்கள்.

டாப் லிங்க் மாட்டுவதற்கு ஒரு கம்பம் மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதன் அடிமுனை கான்கிரீட்டுக்குள் இறங்கி, கீழே உள்ள தண்டோடு வெல்டிங் ஆகியிருக்க வேண்டும். மேலே சும்மா செருகிவைத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். மூன்று துளைகளின் தூரத்தையும் உங்கள் கல்டிவேட்டரில் அளந்து, அப்படியே பட்டறைக்காரரிடம் கொடுங்கள். டிரம்மின் அடியில் மூன்று கால்கள் வைத்தால், கழற்றி வைக்கும்போது சாயாது.

கலவைக்கு ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு 20 மி.மீ. ஜல்லி. ஏறக்குறைய இரண்டு மூட்டை சிமென்ட் தேவைப்படும். மணல் விஷயத்தில் கடலோர ஊர்க்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். கடல் மணலிலும் உப்புத் தண்ணீரிலும் கலவை போட்டால் உள்ளே இருக்கும் தண்டு துருப்பிடிக்கும். வெளியே கான்கிரீட் நன்றாகத் தெரியும். ஒருநாள் தண்டு முறிந்து அரை டன் எடை கீழே விழும். மணவாளக்குறிச்சி சுற்றுவட்டாரக் கரையில் உள்ள கனிம மணலை அள்ளுவது சட்டப்படியும் தவறு. எம்-சாண்டும் நல்ல கிணற்றுத் தண்ணீரும் பயன்படுத்துங்கள்.

ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு நனைத்துவையுங்கள். முழு பலம் வர 28 நாள் ஆகும். அதுவரை தூக்கி ஓட்ட வேண்டாம். மேற்பரப்பைச் சரிவாக முடித்துவிட்டால் மழைநீர் தேங்காது. டிரம்முக்கு வெளியே இரண்டு கோட்டிங் பெயின்ட் அவசியம். உப்புக்காற்று வெறும் தகட்டைச் சீக்கிரம் தின்றுவிடும்.

500 கிலோதான் எல்லோருக்கும் பொருந்தும் அளவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. லோடர் நிறுவனம் கொடுத்த கையேட்டில் பின் எடை எவ்வளவு என்று இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஹைட்ராலிக் லிஃப்ட் எவ்வளவு தூக்கும், பின் டயர் எவ்வளவு தாங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கெட் நிறைவது வேறு, எடை வேறு

10 கன அடி கொள்ளளவுள்ள பக்கெட்டில் காய்ந்த தொழு உரம் 150 முதல் 200 கிலோதான் பிடிக்கும். காய்ந்த, உதிரியான மண் என்றால் 350 கிலோ அளவுக்கு வரும். அதே பக்கெட்டில் ஈர மணல் 550 கிலோவைத் தொடும். பார்வைக்கு எல்லாம் ஒரு பக்கெட்தான். ஆக்ஸிலுக்கு மூன்றும் மூன்று விதம். எனவே, எருவுக்கு முழு பக்கெட், மண்ணுக்கு முக்கால் பக்கெட், ஈர மணலுக்கு அரை பக்கெட் என்று பழக்கப்படுத்திக்கொள்ளலாம். நடை கூடும், டீசல் கொஞ்சம் கூடும். ஆக்ஸில் வேலைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது லாபம்.

தென்னை மூட்டைப் பக்கெட்டால் நெம்பிப் பறிப்பதையும், பாறையைப் பெயர்ப்பதையும் தவிர்த்துவிடுங்கள். வேரில் மாட்டிய பக்கெட்டை ஹைட்ராலிக்கால் தூக்கும்போது, பாரம் வராவிட்டால் டிராக்டரின் பின்பக்கம் எழும்பும். அந்த நொடியில் மொத்த டிராக்டரும் முன் ஆக்ஸிலின்மேல் நிற்கிறது. அந்த வேலைக்கு ஜேசிபியை வாடகைக்குக் கூப்பிடுவதுதான் சிக்கனம்.

எடைமேடையில் பார்த்துவிடுங்கள்

பக்கத்தில் லாரிக்கு எடை போடும் எடைமேடை இருந்தால் சந்தேகத்தை அரை மணி நேரத்தில் தீர்த்துக்கொள்ளலாம். பக்கெட்டில் வழக்கமாக அள்ளும் பாரத்தை எடுத்து, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி எடை பாருங்கள். பிறகு வண்டியை நகர்த்தி, பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி பாருங்கள். பின் எடையோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை. நான்கு எண்கள் கையில் இருந்தால் கையேட்டோடு ஒப்பிட்டுவிடலாம். முன் சக்கர எடை எல்லையைத் தாண்டினால், எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை

* பாரத்தோடு போகும்போது பக்கெட் தரையிலிருந்து ஒரு அடிக்குமேல் இருக்க வேண்டாம். கொட்டும் இடத்துக்குப் போன பிறகு தூக்குங்கள்.

* இறக்கத்தில் பாரத்தோடு ரிவர்ஸில் இறங்குங்கள். பக்கெட் மேட்டுப் பக்கம் பார்க்க வேண்டும்.

* பாரத்தை இறக்கும்போது லீவரை மெதுவாக விடுங்கள். பாதியில் பிடித்து நிறுத்தாதீர்கள்.

* நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருகாதீர்கள். வண்டி மெல்ல நகரும்போது திருப்பினால் டயருக்கும் டை ராடுக்கும் நல்லது.

* லோயர் லிங்க் செயின்களை இறுக்கி, டிரம் இடவலமாக ஆடாமல் பாருங்கள். லிஞ்ச் பின் இல்லாமல் கம்பியைக் கட்டி ஓட்ட வேண்டாம்.

* லோடர் வேலை நாட்களில் சென்டர் பின்னுக்கும் ஸ்டப் ஆக்ஸிலுக்கும் தினமும் கிரீஸ் அடிக்க வேண்டும். பழைய கிரீஸும் மணலும் வெளியே வரும்வரை அடியுங்கள்.

* வேலை முடிந்ததும் பக்கெட்டையும் டிரம்மையும் தரையில் இறக்கிவிடுங்கள். தூக்கியபடி நிற்கும் எடைக்கு அருகில் குழந்தைகள் விளையாடக் கூடாது.

* உழவு நாட்களில் டிரம்மையும் லோடரையும் கழற்றிவிடுங்கள். தேவையில்லாத எடை வயலை இறுக்கும், டீசலையும் குடிக்கும்.

கேள்வி: ‘‘பின் டயர்களில் தண்ணீர் நிரப்பியிருக்கிறோம். லோடர் வேலைக்கு அதுவே போதாதா?’’

– வாசகி ஒருவர், இரணியல்.

பதில்: பிரேக்குக்கும் சாயாமல் நிற்பதற்கும் உதவும். முன் ஆக்ஸிலுக்கு உதவாது. டயரில் உள்ள தண்ணீரின் எடை பின் ஆக்ஸிலுக்கு நேர் கீழே இறங்குகிறது. பின்னால் தள்ளி இல்லை. துலாவின் காலிலேயே கல்லைக் கட்டியதுபோலத்தான். மேலே சொன்ன உதாரணத்தில், இரண்டு டயரிலும் சேர்த்து 400 கிலோ தண்ணீர் இருந்தாலும் முன் ஆக்ஸிலில் அதே 2,125 கிலோதான் இருக்கும். சக்கரத்தில் மாட்டும் இரும்பு எடைகளுக்கும் இதே கணக்குதான். டயர் தண்ணீரையும் வைத்துக்கொண்டு, மூன்று புள்ளி இணைப்பில் எடையும் தொங்கவிடுவதே நல்லது.

தண்ணீர் நிரப்பும்போது வால்வு மேலே இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பி, வால்வு மட்டம்வரை மட்டும் நிரப்ப வேண்டும். டயரின் முக்கால் பங்கு நிறையும். மீதி இடத்தில் காற்று இருந்தால்தான் டயர் மேடுபள்ளத்தில் வளைந்துகொடுக்கும். குளிர் நாடுகளில் தண்ணீர் உறையாமல் இருக்க கால்சியம் குளோரைடு கலப்பார்கள். நமக்கு அது தேவையில்லை. கடல்நீரும் உப்பேறிய கிணற்று நீரும் மட்டும் வேண்டாம். வால்வையும் ரிம்மையும் அரித்துவிடும்.

கேள்வி: ‘‘ஃபோர்-வீல் டிரைவ் டிராக்டருக்கும் பின் எடை தேவையா? அதன் முன் ஆக்ஸில் பலமானதாயிற்றே?’’

– வாசகர் ஒருவர், திருவட்டாறு.

பதில்: தேவைதான். பலமான ஆக்ஸில் என்பது உண்மை. ஆனால் அதற்குள் பல்சக்கரங்கள் இருக்கின்றன. பின்பக்கம் லேசானால் பின் சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். அப்போது இழுக்கும் வேலை முழுவதும் முன் ஆக்ஸிலின் பல்சக்கரங்களுக்கும் தண்டுக்கும் போய்விடும். சுமையும் அங்கே, இழுவையும் அங்கே. பழுதானால் டூ-வீல் டிரைவ் ஆக்ஸிலைவிடச் செலவு அதிகம். சரிவில் பாரத்தோடு இறங்கும்போது ஃபோர்-வீல் டிரைவைப் போட்டுக்கொண்டால் முன் சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். கெட்டியான சாலையில் அதைப் போட்டு ஓட்ட வேண்டாம்; பல்சக்கரமும் டயரும் தேயும்.

கேள்வி: ‘‘பழைய டிராக்டர் வாங்கப்போகிறோம். அதில் லோடர் மாட்டி ஓட்டியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?’’

– வாசகர் ஒருவர், ஆரல்வாய்மொழி.

பதில்: இன்ஜினின் இரு பக்கமும், கிளட்ச் ஹவுஸிங் ஓரமும் பாருங்கள். லோடர் சட்டம் உட்கார்ந்திருந்த இடத்தில் பெயின்ட் தேய்ந்திருக்கும்; போல்ட் துளைகளில் புதிய போல்ட்டோ, வெறும் துளையோ தெரியும். அந்த இணைப்புகளில் ஆயில் கசிகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, வண்டிக்கு அடியில் உறுதியான மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். ஆக்ஸிலை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். சென்டர் பின்னில் ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் புஷ் போயிருக்கிறது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஹப் பேரிங்கின் தேய்மானம் தெரியும். இரண்டு முன் சக்கரங்களும் ஒரே சாய்வில் நிற்கின்றனவா என்று தள்ளி நின்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஸ்டப் ஆக்ஸில் வளைந்திருக்கலாம். ஆக்ஸிலில் வெல்டிங் போட்ட தழும்பு இருந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் யோசித்துத்தான் வாங்க வேண்டும். லோடர் வேலையில் முன்னும் பின்னும் மாற்றி மாற்றி ஓட்டுவதால் கிளட்ச் சீக்கிரம் தேயும். அதையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், லோடர் ஓடிய வண்டி என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘லோடர் ஓட்டும்போது பின்னால் என்ன கட்டுவீர்கள்?’ டிரம்மையோ, ரொட்டவேட்டரையோ காட்டினால் வண்டியைக் கவனித்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ‘ஒன்றும் கட்டவில்லை’ என்றால், முன் ஆக்ஸில் வேலைக்கு ஆகும் தொகையை மெக்கானிக்கிடம் கேட்டு, விலையில் கழித்துப் பேசுங்கள்.